புதிய வைரஸ்கள் எத்தனை பேரிடம்? 82, 69, 42, 25, 15, 9: இந்தச் சதவீதங்களை எப்படிப் படிப்பது

#1 நுண்ணோக்கி

வணக்கம். பாலியோமாவைரஸ்கள் (ஒரு சிறிய டிஎன்ஏ வைரஸ் குடும்பம்) பற்றி 2009இல் வந்த ஓர் ஆய்வில் சிக்கிக்கொண்டு நிற்கிறேன். கொலராடோவில் ஆரோக்கியமான ரத்தக் கொடையாளர்கள் 1501 பேரின் சீரத்தில் (ரத்தத்தின் தெளிநீரில்) எந்தெந்த வைரஸுக்கு ஆன்டிபாடி இருக்கிறது என்று எலிசா மூலம் (வைரஸ் புரதம் ஒட்டிய தட்டில் ஆன்டிபாடி பிடித்தால் நிறம் காட்டும் சோதனை) பார்த்திருக்கிறார்கள். கிடைத்தவை (எல்லாம் இந்தக் குடும்பத்து வைரஸ்களின் சுருக்கப் பெயர்கள்):

பிகே 82%, டபிள்யூயூ 69%, கேஐ 55%, ஜேசி 39%, எல்பிவி 15%, எஸ்வி40 9%. மெர்கெல் செல் பாலியோமாவைரஸுக்கு (மெர்கெல் செல் என்ற தோல் புற்றில் கண்டது) மட்டும் இரண்டு எண்கள்: 339 என்ற வகையை வைத்துப் பார்த்தால் 42%, 350 என்ற வகையை வைத்துப் பார்த்தால் 25%.

எனக்கு மூன்று சந்தேகங்கள்.

பிகே, ஜேசி இரண்டும் 1971லேயே தெரிந்தவை, சரி. கேஐயும் டபிள்யூயூவும் 2007இல், மெர்கெல் 2008இல் கண்டுபிடிக்கப்பட்டவை. இரண்டு வயது வைரஸ் பாதி ஊரிடம் எப்படி இருக்கும்?

அதே 1501 பேர், அதே வைரஸ். 42, 25 என்று இரண்டு விடை எப்படி?

எஸ்வி40, எல்பிவி இரண்டும் குரங்கு வைரஸ்கள். நூற்றில் 15 பேருக்குக் குரங்கு வைரஸின் ஆன்டிபாடி எங்கிருந்து வந்தது?

#2 சீரம்பெட்டி

முதல் சந்தேகத்துக்கு ஒரே வரி போதும்: 2007ங்கிறது நாம அந்த வைரஸைப் பார்த்த வருஷம். அது நம்மகிட்ட வந்த வருஷம் இல்ல. அதே ஆய்வுல 21 வயசுக்குக் கீழ உள்ள 721 பேரோட சீரமும் இருக்கு, அவங்க எண்ணும் பெரியவங்களோட எண்ணும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்.  குழந்தையிலயே வாங்கிட்டு வளர்ந்திருப்பாங்கன்னு இதை வெச்சு நினைக்கலாம்.

ரெண்டாவதுதான் சுவாரசியம். எலிசா தட்டுல ஒட்டினது முழு வைரஸ் இல்ல, விபி1ங்கிற ஓட்டுப் புரதம். 350ங்கிற வரிசை வந்தது ஒரு மெர்கெல் செல் புற்றுக்கட்டியிலேர்ந்து. கட்டிக்குள்ள வைரஸ் டிஎன்ஏ மனுஷக் குரோமோசோம்ல செருகிக்கிட்டு உட்கார்ந்திருக்கு, அங்க அது புது வைரஸ் கட்ட வேண்டிய அவசியமே இல்ல. அதனால ஓட்டு ஜீன்ல பிழை விழுந்தாலும் கேக்க ஆளில்ல. 350ஓட விபி1ல 288ஆவது இடத்துல ஹிஸ்டிடின் இருக்க வேண்டிய எடத்துல அஸ்பார்டிக் அமிலம் உட்கார்ந்திருக்கு. அந்த ஒரு மாத்தத்துலயே ஓடு ஒழுங்காச் சேராது, நல்ல வைரஸைப் பார்த்துப் பழகின ஆன்டிபாடியும் அதுல சரியாப் பிடிக்காது.

அதாவது 17 சதவீதப் புள்ளி வித்தியாசம் மக்கள்கிட்ட இல்ல, தட்டுல இருக்கு.

இன்னும் ஒண்ணு. பாலியோமா ஓடு 72 ஐங்கூறு (அஞ்சு விபி1 சேர்ந்த கொத்து), மொத்தம் 360 விபி1 சேர்ந்த பந்து. அந்த ஆய்வுல தட்டுல இருந்தது தனித்தனி ஐங்கூறுகள். பல ஆன்டிபாடிகள் முழுப் பந்தோட வடிவத்தைத்தான் அடையாளம் காணும். அதே 2009ல முழு ஓடு மாதிரியே கட்டின துகள்களை வெச்சு வேற குழுக்கள் பார்த்தப்ப, மெர்கெல் வைரஸுக்கு 60%க்கு மேலன்னு ஒரு இடத்துல வந்துச்சு, 88%ன்னு இன்னொரு இடத்துல வந்துச்சு. 25, 42, 60க்கு மேல, 88. எல்லாமே ஒரே வைரஸ், ஏறக்குறைய ஒரே மாதிரி ஜனங்க.

#3 நுண்ணோக்கி

நன்றி சார். அப்படியானால் எலிசா செய்முறையில் எந்தெந்தப் படியில் எண் நகரும் என்று தெரிய வேண்டும். "எலிசா செய்தோம்" என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

#4 சீரம்பெட்டி

கிணத்து வாரியாச் சொல்றேன். ஆய்வகத்துக்கு ஆய்வகம் அளவு மாறும், ஆனா வரிசை இதுதான்.

ஒட்டுறது: 96 கிணறு தட்டு, கிணத்துக்கு 50 முதல் 100 நானோகிராம் விபி1, 4 டிகிரியில ராத்திரி முழுக்க. முழுத் துகளா இருந்தா எந்தத் தாங்கல் கரைசல்ல வைக்கிறோம்ங்கிறது முக்கியம். கால்சியத்தைப் பிடிச்சு இழுக்கிற ஈடிடிஏவும், டைசல்ஃபைடு பிணைப்பை உடைக்கிற டிடிடியும் சேர்ந்தா பாலியோமா துகள் ஐங்கூறாக் கழண்டுடும். பந்துன்னு நினைச்சு ஒட்டினது உதிரியா இருக்கும்.

தட்டுல காலி இடத்தை மறைக்கிறது: 5% பால்பொடி கலந்த பிபிஎஸ் (உப்புத் தாங்கல் கரைசல்), ஒரு மணி நேரம். இதுல கஞ்சத்தனம் பண்ணா எல்லாக் கிணறும் மஞ்சளா வரும்.

சீரம்: 1க்கு 100 நீர்ப்பு. பரவலை மட்டும் பார்க்கிறதுக்கு இது போதும். ஆன்டிபாடி எவ்வளவுன்னு வேணும்னா 1க்கு 100, 400, 1600, 6400ன்னு இறங்கணும்.

கழுவல், மனித ஐஜிஜியைப் (ரத்தத்துல இருக்கிற முக்கிய ஆன்டிபாடி வகை) பிடிக்கிற நொதி ஒட்டின ஆன்டிபாடி, மறுபடி கழுவல், டிஎம்பி (நிறம் தர்ற பொருள்), அமிலம் விட்டு நிறுத்தி 450 நானோமீட்டர்ல படிக்கிறது, இதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சது. கழுவறதுக்கு பிபிஎஸ்ல 0.05% ட்வீன் (சோப்பு மாதிரி), மூணு தடவைக்குக் குறையக் கூடாது.

எங்க தப்பு நடக்கும்னா:

விபி1ஐ பாக்டீரியாவுல உற்பத்தி பண்ணும்போது ஜிஎஸ்டி மாதிரி வால் புரதம் சேர்த்திருப்பாங்க. சிலரோட சீரம் அந்த வாலையே பிடிக்கும், ஈகோலை மிச்சங்களையும் பிடிக்கும். ஒவ்வொரு சீரத்துக்கும் பக்கத்துலயே வால் மட்டும் ஒட்டின ஒரு கிணறு வெச்சு அதைக் கழிக்கணும். தட்டுக்கு ஒண்ணு வெச்சா பத்தாது, சீரத்துக்கு ஒண்ணு வேணும். செலவு இரட்டிப்பாகும். அதனாலதான் இதை விட்டுடறாங்க.

ஓரக் கிணறு சீக்கிரம் காயும், எண் ஏறும். நோயாளி சீரத்தையெல்லாம் இடது ஓரத்துல வரிசையா வெச்சா பொய்யான வித்தியாசம் உங்களைத் தேடி வரும்.

அடுத்து கட்-ஆஃப், அதாவது எந்த எண்ணுக்கு மேல பாசிட்டிவ்னு சொல்றதுங்கிற கோடு. சராசரி கூட்டல் மூணு திட்ட விலக்கம்னு எல்லாரும் எழுதுவாங்க. யாரோட சராசரி?

#5 கொள்ளைநோய்க்கணக்கு

கடைசிக் கேள்விக்கு நான் வருகிறேன்.

தெரிந்த வைரஸ் என்றால் "இவருக்குத் தொற்று இல்லை" என்று உறுதியாகச் சொல்லக்கூடிய ஆட்களை வைத்து கட்-ஆஃப் போடலாம். கொரோனாவுக்கு 2019க்கு முன்பு உறைய வைத்த சீரம் இருந்தது. டபிள்யூயூ போன்ற வைரஸுக்கு அப்படி ஒரு "முன்பு" கிடையாது. 1960இல் எடுத்த சீரத்திலும் அது இருக்கும்.

அதனால் பலர் ஒரு வயதுக் குழந்தைகளின் சீரத்தை எதிர்மறைக் குழுவாக வைக்கிறார்கள். காரணம் நல்லதுதான்: தாயிடமிருந்து வந்த ஐஜிஜி ஆறு மாதத்துக்கு மேல் வேகமாகக் குறைந்துவிடும், சொந்தத் தொற்று இன்னும் வந்திருக்காது. ஆனால் சுவாச வழியே சீக்கிரம் தொற்றும் வைரஸ் என்றால் ஒரு வயதிலேயே சிலருக்கு வந்துவிடும். அந்தச் சிலர் குழுவின் திட்ட விலக்கத்தை ஊத வைப்பார்கள். மூன்று மடங்கு விலக்கம் மேலே போகும், கட்-ஆஃப் உயரும், பரவல் குறைவாகத் தெரியும்.

இன்னொரு வழி, எல்லோருடைய ஒளியடர்த்தியையும் (கிணற்றில் வந்த நிற அளவு) மடக்கை எடுத்து வரைந்து, இரண்டு மேடு இருக்கிறதா என்று பார்ப்பது. இரண்டு இயல்நிலைப் பரவலின் கலவையாகப் பொருத்தி, பள்ளம் விழும் இடத்தைக் கட்-ஆஃபாக எடுக்கலாம். பிகேவுக்கு இது நன்றாக வரும். மெர்கெல் 350க்கு மேடே பிரியாது. அங்கே எந்த எண்ணைச் சொன்னாலும் அது கோட்டை எங்கே கிழித்தார்கள் என்பதைத்தான் சொல்லும். வரைபடத்தைக் காட்டாமல் சதவீதம் மட்டும் தரும் கட்டுரையை நான் பாதிதான் நம்புவேன்.

#6 சீரம்பெட்டி

> ஒரு வயதுக் குழந்தைகளின் சீரத்தை எதிர்மறைக் குழுவாக

ஒத்துக்கறேன், ஆனா வேற நல்ல வழி கையில இல்லாதப்ப அதுவும் வேணும்தான். எதிர்மறைக் குழுவுல தூரமா நிக்கிற ரெண்டு மூணு பேரை விலக்கிட்டுத் திரும்பக் கணக்குப் போட்டா ஓரளவு சரியாகும்.

#7 பிரைமர்தாசன்

மூன்றாவது சந்தேகத்தை விட்டுட்டீங்களே. அதுதான் இந்தக் கதையோட உச்சம்.

முதல்ல எஸ்வி40. 1955 முதல் 1963 வரைக்கும் போட்ட போலியோ தடுப்பூசியில ஒரு பகுதியில இந்த வைரஸ் கலந்திருந்தது. தடுப்பூசி வைரஸை ரீசஸ் குரங்கோட சிறுநீரகச் செல்லுல வளர்த்தாங்க, அந்தச் செல்லுக்குள்ள எஸ்வி40 ஏற்கெனவே குடியிருந்தது. 1960லதான் கண்டுபிடிச்சாங்க. அதனால மனுஷ சீரத்துல எஸ்வி40 ஆன்டிபாடின்னு சொன்னாலே ஆளுங்க பதறுவாங்க.

9% நிஜமான்னு பார்க்கப் போட்டிச் சோதனை வெச்சாங்க. சீரத்தைத் தட்டுல விடறதுக்கு முன்னாடி அதோட கரைஞ்ச பிகே விபி1ஐக் கலந்து ஊற வைக்கணும். பிகே ஆன்டிபாடி எல்லாம் அதுல ஒட்டிக்கும். அப்புறம் எஸ்வி40 தட்டுல விட்டா மிச்சம் எவ்வளவு பிடிக்குதுன்னு தெரியும். எஸ்வி40, பிகே, ஜேசி மூணும் நெருங்கின உறவு, அதனால நிறைய சிக்னல் காணாமப் போச்சு. கழிச்சப்புறம் மிச்சம் கிட்டத்தட்ட 2%. அந்த 2%கூட உண்மையான தொற்றுன்னு இதை வெச்சுச் சொல்ல முடியாது. போட்டிக்கு விட்ட புரதம் பத்தாட்டியும் மிச்சம் நிக்கும். அதிகமாக்கிக்கிட்டே போய், இனி இறங்காதுங்கிற அளவுல நிறுத்தணும்.

எல்பிவிதான் அட்டகாசம். இது ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கோட வைரஸ். 15% பேர்கிட்ட ஆன்டிபாடி. போட்டிச் சோதனையில மெர்கெல் விபி1ஐக் கலந்தாலும் அது போகல. அப்ப யாரோட ஆன்டிபாடி அது? 2011ல சிறுநீரக மாற்று செஞ்ச ஒருத்தரோட சீரத்துலேர்ந்து மனிதப் பாலியோமாவைரஸ் 9 கெடைச்சுது. வரிசையைப் பார்த்தா எல்பிவிக்கு அச்சு அசல் நெருங்கின சொந்தம். குரங்கு வைரஸ் மனுஷனுக்கு வரல. நம்மகிட்டயே இருந்து யாரும் பார்க்காத ஒரு வைரஸோட கால் தடமாத்தான் அந்த 15%ல பெரும் பகுதி இருக்கணும். வைரஸைப் பார்க்கறதுக்கு முன்னாடியே அதோட பரவலை அளந்துட்டாங்க, பேர்தான் தப்பு.

#8 யாழ்_மூலக்கூறு

இவ்வளவும் ஆன்டிபாடிப் பக்கம். பிசிஆரிலயும் (மரபணுத் துண்டைப் பெருக்கிப் பார்க்கிற சோதனை) இதே கூத்து நடந்திருக்கு, அதையும் கதைக்கோணும்.

1997இல யப்பானில இரத்தம் ஏத்தினதுக்குப் பிறகு காரணம் தெரியாத ஹெபடைடிஸ் வந்த ஒரு நோயாளியிட சீரத்தில இருந்து ஒரு வைரசு எடுத்தவை. நோயாளியிட பெயர் முதலெழுத்தை வைச்சு டிடி வைரசு எண்டு பெயர். பிறகு டார்க் டெனோ எண்டு மாத்திச்சினம். வட்டமான ஒற்றை இழை டிஎன்ஏ, நீளம் கிட்டத்தட்ட 3.8 கிலோபேஸ் (3,800 எழுத்து).

முதல் பிரைமர் (பெருக்க வேண்டிய இடத்தில போய் ஒட்டுற சின்ன டிஎன்ஏ துண்டு) என்22 எண்ட பகுதிக்கு. அது புரதம் எழுதுற பகுதி, வகைக்கு வகை நல்லா மாறும். அந்தப் பிரைமரில யப்பான் இரத்தக் கொடையாளர்களில 12% பொசிற்றிவ். 1998இல புரதம் எழுதாத, மாறாத பகுதிக்குப் புதுப் பிரைமர் போட்டவை. பொதுமக்களில 92%.

அதே நாடு, ஒரு வருச இடைவெளி. வலைக் கண்ணைச் சின்னனாக்கினதும் குளத்து மீன் எல்லாம் அகப்பட்டுது.

12% எண்டு இருக்கேக்க "ஹெபடைடிஸ் நோயாளிகளில கூட, ஆரோக்கியமானவையில குறைவு" எண்டு ஒரு நோய்த் தொடர்பு கட்டலாம் போல இருந்துது. 92% எண்டு வந்ததும் அது கரைஞ்சு போச்சு. இண்டைக்கு வரைக்கும் இந்த வைரசு எந்த நோயையும் உண்டாக்குது எண்டு நிறுவேல்லை. ஆனால் உறுப்பு மாற்றிய ஆக்களில நோயெதிர்ப்பு எவ்வளவு அடங்கியிருக்கு எண்டு பார்க்க இதின்ர அளவைப் பாவிக்கினம். எதிர்ப்பு குறையக் குறைய வைரசு ஏறும்.

பிரைமர் வடிவமைக்கிற ஆக்களுக்கு: புது வைரசுக்கு ஒரு வரிசைதான் கையில இருக்கேக்க, அதில எது மாறும் எது மாறாது எண்டு தெரியாது. பிரைமரின்ர 3 முனையில ரெண்டு எழுத்துப் பொருந்தாட்டிலும் சில வகைகள் முழுசாத் தப்பிவிடும். குறைஞ்சது ரெண்டு வேறு பகுதிக்கு வைச்சுப் பார்க்கோணும்.

#9 நுண்ணோக்கி

சிரிப்பதா பயப்படுவதா தெரியவில்லை. அப்படியானால் எல்லாச் சதவீதமும் டெஸ்டின் நிழல்தானா? உறுதியாகச் சொல்லக்கூடிய ஏதாவது உண்டா?

#10 கொள்ளைநோய்க்கணக்கு

உண்டு. மிக அதிகமாக இருப்பதையும் மிகக் குறைவாக இருப்பதையும் நன்றாகவே சொல்ல முடியும். இழுபறி எல்லாம் நடுவில்தான்.

அதிகம்: மனித மெட்டாநியூமோவைரஸ், ஒரு சுவாச வைரஸ். நெதர்லாந்தில் 2001இல் கண்டுபிடித்தார்கள், 20 ஆண்டுகளாகச் சேர்த்துவைத்த மாதிரிகளில் 28 குழந்தைகளிடமிருந்து. சீரம் பார்த்தபோது ஐந்து வயதுக்குள் ஏறக்குறைய எல்லாக் குழந்தைக்கும் ஆன்டிபாடி இருந்தது. பிறகு 1958இல் எடுத்து வைத்திருந்த சீரத்தைப் பார்த்தார்கள், அதிலும் இருந்தது. ஆக "புதிய" வைரஸ் குறைந்தது அரை நூற்றாண்டாக ஊரில் உலாவியது. செல் வளர்ப்பில் மெதுவாக, அதுவும் சில செல்களில் மட்டுமே வளரும் என்பதால் யார் கண்ணிலும் படவில்லை. பழைய உறைசீரம் இருக்கும் நாடுதான் இப்படிச் சொல்ல முடியும். குளிர்பெட்டியைப் பராமரிக்கும் செலவை வீண் என்று நினைக்கும் நிர்வாகிகளுக்கு இந்த உதாரணத்தைக் காட்டலாம்.

குறைவு: மெர்ஸ், ஒட்டகத்திலிருந்து வரும் ஒரு கொரோனா வைரஸ். 2012இல் தெரியவந்தது. சவுதி அரேபியாவில் 2012 டிசம்பர் முதல் ஓராண்டு எடுத்த 10,009 பேர் சீரத்தில் 15 பேருக்கு உறுதியான ஆன்டிபாடி, அதாவது 0.15%. ஒட்டகம் மேய்ப்பவர்களில் 87 பேரில் 2, கசாப்புக்கூடத் தொழிலாளர்களில் 140 பேரில் 5. இங்கே வைரஸ் உண்மையிலேயே மனிதர்களுக்கு அரிது, ஒட்டகத்துக்குச் சாதாரணம்.

இந்த 0.15%ஐ எப்படி எடுத்தார்கள் என்பதில்தான் பாடம். ஸ்பெசிஃபிசிட்டி (தொற்று இல்லாதவரை இல்லை என்று சரியாகச் சொல்லும் விகிதம்) 99% உள்ள நல்ல எலிசாவை மட்டும் போட்டிருந்தால், நாட்டில் ஒருவருக்குக்கூடத் தொற்று இல்லாவிட்டாலும் 100 பேர் பாசிட்டிவ் வந்திருப்பார்கள். உண்மையான 15 பேர் அதற்குள் தொலைந்து போயிருப்பார்கள். அதனால் எலிசாவில் வந்தவர்களை ஒளிரும் ஆன்டிபாடிச் சோதனையில் போட்டு, மிஞ்சியவர்களை வைரஸைச் செயலிழக்க வைக்கும் நியூட்ரலைசேஷனில் போட்டு, அதிலும் நின்றவர்களைத்தான் எண்ணினார்கள்.

#11 கொள்ளைநோய்க்கணக்கு

தொடர்ச்சி, கணக்குப் பகுதி.

உண்மை விகிதம் = (டெஸ்டில் வந்த விகிதம் + ஸ்பெசிஃபிசிட்டி − 1) ÷ (சென்சிடிவிட்டி + ஸ்பெசிஃபிசிட்டி − 1)

1978இல் ரோகனும் கிளாடனும் எழுதியது, இன்றும் இதுதான். சென்சிடிவிட்டி என்பது தொற்று உள்ளவரைச் சரியாகப் பிடிக்கும் விகிதம். சென்சிடிவிட்டி 0.92, ஸ்பெசிஃபிசிட்டி 0.979 என்று வையுங்கள். டெஸ்டில் 5% வந்தால் உண்மை 3.2%. டெஸ்டில் 2% வந்தால் விடை சுழியத்துக்குக் கீழே போகும். கீழே போனால் கணக்கு தப்பு என்று அர்த்தமில்லை, அந்த டெஸ்டால் அந்த அளவைப் பார்க்கவே முடியாது என்று அர்த்தம்.

சும்மா எடுத்த எண்கள் இல்லை இவை. 2020 மே, ஜூனில் நடந்த முதல் தேசிய கொரோனா சீரோ சர்வேயை சென்னையில் உள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் முன்னின்று நடத்தியது. 28,000 வயது வந்தவர்கள், 70 மாவட்டம், மாவட்டத்துக்கு 10 இடம், இடத்துக்கு 40 பேர். பயன்படுத்திய கோவிட் கவச் எலிசாவின் வெளியான அளவுகள் கிட்டத்தட்ட அவைதான். அதை மட்டும் நம்பினால் 28,000இல் 588 பேர் பொய்யாகப் பாசிட்டிவ் வர இடமுண்டு. அதனால் பாசிட்டிவ் வந்த சீரத்தை வேறு நிறுவனத்தின் எலிசாவில் மறுபடி போட்டார்கள். இரண்டாவது கிட் 99% என்றால் 588 பேர் ஏறக்குறைய 6 ஆகிவிடுவார்கள். இறுதியில் சொன்ன விகிதம் 0.73%.

இங்கே ஒரு பொறி. இரண்டு டெஸ்டின் பிழையும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் இருந்தால்தான் இந்தப் பெருக்கல் செல்லும். இரண்டு கிட்டிலும் தட்டில் ஒரே புரதம் என்றால், ஒன்றில் ஏமாந்த சீரம் இன்னொன்றிலும் ஏமாறும். கூடவே சென்சிடிவிட்டியும் பெருக்கலில் குறையும்: 0.92, 0.90 என்றால் சேர்ந்து 0.83.

#12 யாழ்_மூலக்கூறு

டெங்கு உள்ள எங்கட நாடுகளில இது இன்னும் மோசம். 1947இல உகண்டாவில ஒரு காவல் குரங்கில (நோய் வருதா எண்டு பார்க்கக் காட்டில கூண்டில வைச்ச குரங்கு) இருந்து சிக்கா வைரசு எடுத்தவை. 1954இல வந்த ஒரு அறிக்கையில இந்தியாவில 196 பேரில 33 பேருக்குச் சிக்காவை அடக்கிற ஆன்டிபாடி எண்டு இருக்கு, 16.8%. இதை "சிக்கா இந்தியாவில அப்பவே இருந்துது" எண்டு எடுத்துக் காட்டுறவை நிறையப் பேர். டெங்கு ரெண்டு தரம் வந்த ஆளின்ர சீரம் சிக்காவையும் ஓரளவு அடக்கும். ஆன்டிபாடி அளவைச் சிக்காவுக்கும் நாலு டெங்கு வகைக்கும் பக்கத்தில பக்கத்தில எடுத்து, சிக்காப் பக்கம் நாலு மடங்காவது கூட இருந்தால்தான் எண்ணலாம் எண்டது இப்ப வழமை. அந்தக் காலத்து எண்ணை அப்படிப் பார்க்க ஏலாது. நான் அதைச் சான்றாப் பாவிக்க மாட்டன்.

#13 பிரைமர்தாசன்

இப்ப கன்டாமினேஷன், அதாவது வெளியிலேர்ந்து மாதிரிக்குள்ள கலக்கிறது. இதைச் சொல்லாம இந்த இழையை மூடக் கூடாது.

எக்ஸ்எம்ஆர்விங்கிற ரெட்ரோவைரஸ்: 2006ல புராஸ்டேட் புற்றுல பார்த்தோம்னாங்க. 2009ல நாள்பட்ட சோர்வு நோய் உள்ள 101 பேர்ல 68 பேருக்கும், ஆரோக்கியமான 218 பேர்ல 8 பேருக்கும் இருக்குன்னு வந்துச்சு. 67க்கு எதிரா 3.7. பார்த்தா யாருக்கும் நம்பத் தோணும். அப்புறம் தெரிஞ்சது: 1990கள்ல ஒரு புராஸ்டேட் புற்றுச் செல்லை எலிக்குள்ள வெச்சு வளர்த்தப்ப, எலியோட ரெண்டு வைரஸ் துண்டு சேர்ந்து பொறந்ததுதான் அது. அந்தச் செல் வரிசை உலகம் முழுக்க ஆய்வகங்களுக்குப் போச்சு. 2011ல அந்தக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது.

எதை வெச்சுச் சந்தேகப்படணும்? ஜனங்களுக்குள்ள பரவற ரெட்ரோவைரஸ் ஆளுக்கு ஆள் மாறும். இங்க நோயாளிங்ககிட்ட எடுத்த வரிசைகளுக்கு நடுவுல வித்தியாசமே சொல்பம், செல் வரிசைக்குள்ள இருந்ததைவிடவும் கம்மி. மர வரைபடம் போட்டா நோயாளிங்க எல்லாம் செல் வரிசையோட கிளைக்குள்ள போய் உக்காருவாங்க. இது ஒண்ணே போதும்.

சோதனை: எலி டிஎன்ஏ இருக்கான்னு பார்க்க, எலியில ஆயிரம் தடவைக்குக் கிட்ட திரும்பத் திரும்ப வர்ற ஐஏபி துண்டுக்கு ஒரு பிசிஆர். ஒரே ஒரு எலிச் செல்லோட சிறு பங்கு இருந்தாக்கூட மாட்டிக்கும். பிசிஆர் நொதியான டாக் பாலிமரேஸையே முதல்ல சந்தேகப்படுங்க: சூடாகிற வரைக்கும் நொதியைக் கட்டிப்போட எலியில செஞ்ச ஆன்டிபாடி சேர்க்கிறாங்க, சில கிட்ல அதோட எலி டிஎன்ஏவும் வந்திருக்கு.

இன்னொண்ணு 2013ல. சீனாவுல, ஏ முதல் இ வரை எந்த ஹெபடைடிஸ் வைரஸும் இல்லாத 90 கல்லீரல் நோயாளிங்கள்ல 63 பேர்கிட்ட ஒரு புது பார்வோ மாதிரி வைரஸ். ஆரோக்கியமான 45 பேர்ல ஒருத்தர்கிட்டயும் இல்ல. அதே வருஷம் வேற குழு அது டிஎன்ஏ பிரிச்செடுக்கிற சுழல்குழாயோட சிலிக்கா வடிகட்டியிலேர்ந்து வருதுன்னு கண்டுபிடிச்சாங்க. கடல் நீர் வரிசைத் தரவுல அதே வைரஸ் இருந்துச்சு. சிலிக்காவுக்கு மூலம் கடல் டயாட்டம் (சிலிக்கா ஓடுள்ள நுண்பாசி), வைரஸ் அனேகமா அதோட வைரஸ்.

தண்ணியை மட்டும் எடுத்து முழுச் செய்முறையையும் ஓட்டற வெற்று மாதிரி இதுக்குத்தான். பிசிஆர் படியில மட்டும் தண்ணி வெச்சா இது தெரியாது, பிரிச்செடுக்கிற படியிலேர்ந்தே தண்ணி போகணும். எட்டு மாதிரிக்கு ஒண்ணு வெச்சா நல்லது. வேற நிறுவனத்தோட குழாயிலயும் திரும்ப எடுங்க. நோயாளி, ஆரோக்கியமானவங்க ரெண்டு பேர் மாதிரியையும் ஒரே நாள், ஒரே பெட்டிக் குழாய், கலந்து அடுக்கி.

#14 சீரம்பெட்டி

இதோட ஒரு சின்னச் சேர்ப்பு. கன்டாமினேஷன் இல்லாமலே பிசிஆர் தொற்றுன்னு பொய் சொல்ற ஒரு இடம் இருக்கு: எச்எச்வி6ங்கிற ஹெர்பீஸ் வைரஸ். சுமார் 1% பேருக்கு அந்த வைரஸோட முழு ஜீனோமும் குரோமோசோம் முனையில செருகி, அம்மா அப்பாகிட்டேர்ந்தே வந்திருக்கும். அவங்க ரத்தத்துல அளவு பார்த்தா பயங்கரமா இருக்கும். செல்லுக்கு ஒரு பிரதின்னு கணக்கு நேரா வந்தா அது பரம்பரை. முடி வேர் இல்லைன்னா நகத்துல பார்த்தா அங்கயும் இருக்கும். அதுக்கு மருந்து குடுக்கக் கூடாது.

#15 நுண்ணோக்கி

எல்லோருக்கும் நன்றி. குடலில் இருப்பவையும் இந்தக் கணக்கில் சேருமா? கிராஸ்ஃபேஜ் என்று ஒன்றை அடிக்கடி பார்க்கிறேன்.

#16 பிரைமர்தாசன்

2014. புதுசா ஒரு மாதிரிகூட எடுக்கல, ஏற்கெனவே பொதுவுல கிடந்த மலத் தரவுலேர்ந்து கணினியில கட்டினாங்க. கிட்டத்தட்ட 97 கிலோபேஸ் வட்ட டிஎன்ஏ. 466 மனித மல மாதிரியில 73%ல இருந்துச்சு. அப்ப பொதுவுல இருந்த மனித மல வரிசைத் துண்டுகள் எல்லாத்துலயும் 1.68% இது ஒண்ணுதான். அவ்வளவு இருந்தும் ஏன் தெரியலன்னா, தெரிஞ்ச வைரஸ்களோட ஒப்பிட்டுப் பேர் வெக்கிற முறையில இதுக்குச் சொந்தக்காரங்களே இல்ல. "தெரியாதது"ன்னு ஒதுக்கின குப்பையிலயே கிடந்தது. பல பேரோட மாதிரியைச் சேர்த்துக் கட்டினப்பதான் முழுசா எழுந்து நின்னுச்சு. 2018ல இந்தக் குடும்பத்துல ஒண்ணை பாக்டீராய்டிஸ் பாக்டீரியாவுல வளர்த்துக் காட்டினாங்க.

இது நம்ம செல்லைத் தொடாது. நம்ம பாக்டீரியாவோட வைரஸ். சாக்கடைக் கழிவு ஆத்துல கலந்திருக்கான்னு பார்க்க இதை இப்ப அடையாளமாப் பயன்படுத்தறாங்க.

#17 கொள்ளைநோய்க்கணக்கு

"மக்களிடம் பரவல்" என்ற சொல்லை ஃபேஜுக்கு (பாக்டீரியாவின் வைரஸுக்கு) நான் பயன்படுத்தமாட்டேன். 73% மாதிரியில் இருந்தது, அவ்வளவுதான். நேற்றைய சாப்பாட்டோடு வந்ததும் அதில் சேரும்.

கடைசியாக, முதல் பதிவில் உள்ள டபிள்யூயூவுக்குத் திரும்புவோம். பரவல் எண்ணைவிட வயதுக்கோடுதான் (வயது ஏற ஏறப் பரவல் எப்படி மாறுகிறது என்ற கோடு) பயனுள்ளது. எடுத்துக்காட்டுக்கு, ஐந்து வயதில் 50% என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுத் தொற்று விகிதம் = 2இன் இயல்மடக்கை ÷ 5 = 0.139. தொற்றாதவர்களில் ஆண்டுக்கு ஏறக்குறைய 13% பேர் தொற்று வாங்குகிறார்கள். இதே வேகத்தில் 20 வயதில் 94% ஆக வேண்டும். ஆனால் பெரியவர்களில் 69%தான். மீதி ஆன்டிபாடி தேய்ந்து மறைவதால். சமநிலை 0.69 என்றால் தேய்மானம் ஆண்டுக்கு 0.062, ஆன்டிபாடியின் சராசரி ஆயுள் 16 ஆண்டு.

#18 யாழ்_மூலக்கூறு

கணக்கில ஒரு பிழை. தேய்மானம் இல்லை எண்டு எடுத்துத்தான் 0.139 கண்டனீங்கள். பிறகு அதே எண்ணை வைச்சுத் தேய்மானம் கணக்குப் போட்டால் ரெண்டும் ஒத்து வராது: உங்கட எண்களை வைச்சால் ஐந்து வயதில 44%தான் வரும். ரெண்டையும் சேர்த்துத் தீர்க்கோணும். 0.50 = 0.69 × (1 − e^(−கே × 5)), இங்க e எண்டது இயல்மடக்கையின்ர அடி, கே எண்டது தொற்றும் தேய்மானமும் கூட்டினது. கே = 0.258. தொற்று 0.178, தேய்மானம் 0.080, ஆயுள் 12.5 வருசம்.

#19 கொள்ளைநோய்க்கணக்கு

சரிதான், திருத்திக்கொள்கிறேன். 12.5. ஆனால் சீரம்பெட்டி #2இல் சொன்னபடி தட்டில் இருந்தது ஐங்கூறுதான். 69%இல் கோடு நின்றதற்குத் தேய்மானம் காரணமா, டெஸ்ட் மிச்சப் பேரைப் பிடிக்கவில்லையா என்று வயதுக்கோட்டை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. அதே ஆட்களிடம் பத்தாண்டு இடைவெளியில் எடுத்த இரண்டு சீரம் வேண்டும்.